மூன்றாம் ஜன்னலுக்கு யாரும் வரவில்லை

“நான் எதையும் உடைக்கலை சார், ஒரு பட்டியல்தான் எழுதி—”

“உடைக்கலையா? மூணு வாரமா பூஜ்யம்மா. மேல பெரிய திரையில எட்டு ஜன்னலும் துள்ளுது, உங்க ஜன்னல் மட்டும் செத்த மீன் மாதிரி—”

“இந்த மூணு வாரமாத்தான் சார் வரிசையே நகருது. கொஞ்சம் திரும்பிப் பாருங்க, எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு—”

“நான் எதுக்குப் பாக்கணும்? அதான் திரை பாக்குதே.”

அவர் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அவர் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்பது தெரிந்திருக்கும். சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒருவர், கைப்பையைத் தரையில் வைத்துக் காலால் தள்ளித் தள்ளி நகர்த்திக்கொண்டு ஒருத்தி. பூஜ்யம் என்றால் இத்தனை இருமுமா என்று ஜன்னலம்மா மனத்துக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பதிவுக் கூடத்தில் ஒன்பது ஜன்னல்கள். மூன்றாவதில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவள். வருகிறவர்கள் ஜன்னலம்மா, ஜன்னலம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கே சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். எதிரே நின்று கத்தியவர் கணினிப் பிரிவின் தலைவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் “ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்ற ஒரே மருந்தை எழுதிக்கொடுப்பவர் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ரீஸ்டார்ட் என்றே பெயர்.

சண்டைக்கு வேர் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். நோயாளிகளுக்கு நாளும் நேரமும் பதிவு செய்யும் இணையப் பக்கத்தை ஒரு கம்பெனி இலவசமாகச் செய்துகொடுத்திருந்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் வாங்கிக் கட்டிவிட்டார். மாடு முட்டியது ஜன்னலில் இருந்தவர்களை. நோயாளியின் பெயரைத் தட்டினால் மெத்தை விளம்பரம் விரியும். வயதைத் தட்டினால் முடி வளரும் எண்ணெய். நோயைத் தட்டினால் அந்த நோயையே ஏழு நாளில் விரட்டுவதாக ஒரு தாடிக்காரர் சிரிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சக்கரம் சுற்றும்: “வாழ்த்துகள், நீங்கள்தான் பத்து லட்சமாவது பார்வையாளர்.” அதை மூடும் குறி கடுகளவு இருக்கும், மவுஸ் அம்பை அருகில் கொண்டுபோனால் அடுத்த மூலைக்கு ஓடும். ஆனால் தேர்ந்தெடுத்த நேரத்தை அந்தப் பக்கம் பிடித்துவைப்பது தொண்ணூறு நொடிதான். அதற்குள் ‘உறுதி’ என்ற பொத்தானை அழுத்தவில்லை என்றால் அந்த நேரம் கை நழுவி யாருக்கோ போய்விடும், அல்லது யாருக்கும் போகாமல் அந்தரத்தில் தொங்கும்.

அப்படி நழுவியவற்றில் தச்சர் வீட்டம்மாவின் வியாழக்கிழமையும் ஒன்று. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்ட அந்த அம்மாவுக்கு வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாளும் டயாலிசிஸ் நடக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். ஒவ்வொரு வாரமும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. போன வாரம் இருந்த நோய் இந்த வாரமும் இருக்கும் என்று ஆஸ்பத்திரி எப்படி நம்பும்? முதல் வியாழனை மெத்தை தின்றது. அடுத்த வியாழனைச் சக்கரம் தின்றது. ஜன்னலம்மா இரண்டாவது முறை “போயிடுச்சுங்க” என்று சொன்னபோது தச்சர் கோபப்படவில்லை. மரத்தூள் ஒட்டிய புருவத்தைச் சற்றே உயர்த்தி, “மெத்தையா, சக்கரமாம்மா?” என்று விசாரித்தார். யார் வீட்டு மாடு மேய்ந்தது என்று கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக. அன்றே அவள் புகார் எழுதத் தாளை எடுத்தாள்.

ஏழு புகார்க் கடிதம் எழுதினாள். ஏழுக்கும் ரீஸ்டார்ட் என்று பதில். எட்டாவதாகப் போனில் பிடித்தபோது அவர் சாப்பாட்டு நேரத்தில் இருந்தார். இந்தாங்க நிர்வாகி பாஸ்வேர்டு, உங்க ஜன்னலை நீங்களே என்ன வேணா பண்ணிக்குங்க, என்னை விடுங்க என்று ஒன்பது எழுத்தையும் வாயில் கவளத்தோடு சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாம் ஜன்னலில் அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு கவளத்தால் நடந்தது.

அவளுடைய நாத்தனார் பேருந்து நிலையத்துக்கு எதிரில் பிரிண்ட் எடுத்துக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறாள். வாய்த் துடுக்கு அதிகம், கைவேலை அதைவிட அதிகம்.

“அண்ணி, கம்ப்யூட்டர் எங்க போறதா இருந்தாலும் முதல்ல தன் சட்டைப் பையில இருக்கிற சீட்டைத்தான் பாக்கும். அதுல இல்லைன்னாத்தான் வெளியில வழி கேக்கும். அந்தச் சீட்டுக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல்னு பேரு. மெத்தைக்காரன் பேரை அதுல எழுதி, பக்கத்துல பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு விலாசம் போட்டுடுங்க. கம்ப்யூட்டர் நம்பிடும். வெளியில யாரையும் கேக்காம கம்முனு திரும்பிடும்.”

“பொய் விலாசம் எழுதச் சொல்றியா?”

“வேண்டாதவன் வந்தா வீட்ல ஆளில்லைன்னு சொல்றோமே, அது எந்த ஊர்ப் பொய்யோ இதுவும் அந்த ஊர்ப் பொய்தான்.”

ஒவ்வொன்றாக எழுத வேண்டியதும் இல்லையாம். முகம் தெரியாத யார் யாரோ உலகத்து நன்மைக்காக இந்தப் பெயர்களைச் சேகரித்துப் பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள். விளம்பரம் அனுப்புகிறவர்கள், யார் எதைத் தட்டுகிறார்கள் என்று மறைந்திருந்து குறித்துக்கொள்ளும் வேவுக்காரர்கள், கணினிக்கு நோய் பரப்புகிறவர்கள் என்று மொத்தம் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெயர். நாத்தனார் அதைப் பென் டிரைவில் போட்டுக்கொடுத்தாள். வரியின் முதலில் # என்று வேலிக் குறி ஒன்றைப் போட்டால் அந்த வரியைக் கணினி படிக்காது, மனிதர்களுக்கான குறிப்பு அது என்றும் சொல்லிக்கொடுத்தாள். ஜன்னலம்மா மறுநாள் காலை பட்டியலை ஒட்டிவிட்டு, உச்சியில் வேலிக் குறி போட்டு ஒரு வரி எழுதினாள்: வியாழக்கிழமை இரண்டு தடவை போனது, இனிப் போகக் கூடாது.

பக்கத்தைத் திறந்தாள். மெத்தை இல்லை. தாடிக்காரர் இல்லை. சக்கரம் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு கட்டம், அவ்வளவுதான். ஒரு நோயாளிக்கு இருபது நொடி ஆயிற்று. மூன்று வாரம் தச்சர் வீட்டம்மாவுக்குத் திங்கள், வியாழன் எதுவும் தவறவில்லை. கால் வீக்கம் வடிந்து, மூன்றாவது வாரம் பழைய செருப்பே பொருந்திவிட்டது என்று தச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு நல்லது நடந்தால் ஒரு விசாரணை வராமல் இருக்குமா?

கண்காணிப்பாளர் அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை உண்டு. எந்த ஜன்னலில் எத்தனை பேருக்குச் சேவை நடக்கிறது என்று அதில் பச்சைக் கம்பங்கள் ஏறி இறங்கும். அந்தக் கம்பங்களுக்குத் தீனி போட்டது பதிவேடு அல்ல, வேவுக்காரர்கள். எத்தனை பேர் கண்ணில் விளம்பரம் பட்டது என்பதை எண்ணி, அதுதான் சேவை என்று திரை காட்டியது. அந்தத் திரையை வைத்து ஆஸ்பத்திரிக்கு ‘நூறு சதவீத மக்கள் தொடர்பு’ என்று ஒரு கேடயமும் கிடைத்திருந்தது. வேவுக்காரர்களை மூன்றாம் ஜன்னல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டதால் அந்த ஜன்னலின் கம்பம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

அந்தச் சண்டை முடிந்த கையோடு, திங்கள் நண்பகல் அவளை மேலே அழைத்தார்கள். அன்று காலைதான் தச்சர் வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ் முடிந்திருந்தது; அடுத்தது வியாழன். ஜன்னலம்மா பதிவேட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள். மூன்று வாரத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், பெயரும் கையெழுத்துமாக. கண்காணிப்பாளர் அதைத் தொடவில்லை. கெட்ட மனிதர் அல்ல அவர். அறைக்குள் ஈ வந்தால்கூட ஜன்னலைத் திறந்து வழியனுப்புவார். பேச்சும் வெண்ணெய் போலத்தான் இருக்கும்.

“ஏம்மா, நோயாளின்னா யாரு? வயிறு வலிக்குதுன்னு யார் வேணா சொல்லலாம். இருமறது பெரிய காரியமா, நான்கூட இருமுவேன். ஆனா விளம்பரம் பாத்தான்னா பாத்தான். அதுக்கு நொடிக் கணக்கோட சாட்சி இருக்கு. ஒரு மனுஷன் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தான்ங்கிறதுக்கு அதைவிட நம்பகமான ஆதாரம் மருத்துவத்துல இன்னும் கண்டுபிடிக்கலைம்மா.”

மாலைக்குள் உத்தரவு வந்தது. அதன் இரண்டாம் பத்தியை ஜன்னலம்மா நான்கு முறை படித்தாள். “மூன்று வாரமாக மூன்றாம் ஜன்னலுக்கு எவரும் வராத காரணத்தால், அங்கு வந்தவர்கள் அனைவரின் முறைகளும் விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.” அனைவரில் தச்சர் வீட்டம்மாவின் வியாழனும் அடக்கம். தச்சர் ஐந்தாம் ஜன்னலுக்கு ஓடிப்போய் மறுபடி பதியப் பார்த்தார். சக்கரம் சுற்றியது.

செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழு கூடியது. கண்காணிப்பாளர் தலைவர், கூட இரண்டு உறுப்பினர்கள். முதல் உறுப்பினர் எதையும் மெதுவாகச் சொல்வார், இரண்டாமவர் அதையே உரக்கச் சொல்வார். காலை முழுவதும் ஒரே விஷயத்தில் போயிற்று. எல்லாக் கோப்புக்கும் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்றெழுத்து வாலும் இருக்க வேண்டும்; இந்த ஹோஸ்ட்ஸுக்குப் புள்ளியும் இல்லை, வாலும் இல்லை. வாலில்லாததைக் கோப்பு என்று ஏற்றால் நாளைக்கு எதெல்லாம் கோப்பு என்று வந்து நிற்குமோ என்று முதல் உறுப்பினர் அஞ்சினார். கடைசியில் அதைக் ‘கோப்பு போன்றது’ என்று பதிந்துகொண்டார்கள். பிறகு அந்தப் போன்றதை அச்செடுத்து இருநூற்று எழுபத்திரண்டு பக்கத்திலும் அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இருநூறாவது பக்கத்தில் அவள் விரல் மரத்துப்போய்க் கையெழுத்து வேறொருத்தியுடையது போல வந்தது. அதற்குத் தனியாக ஒரு விளக்கம் கேட்டார்கள்.

உச்சியில் இருந்த வரியை உரக்கச் சொல்பவர் வாசித்தார். யாருக்கு எழுதியது இது என்று கேட்டார்கள். கணினி இதைப் படிக்காது, மனிதர்கள் படிக்கத்தான் என்றாள்.

“மனுஷங்க படிக்கிறதை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதுக்கும்மா எழுதினீங்க?” என்றார் கண்காணிப்பாளர், உண்மையான வருத்தத்தோடு.

வியாழக்கிழமை மட்டும் நடக்கட்டும் சார், விசாரணையை வருஷம் முழுக்க வெச்சுக்கலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். இயற்கை நீதி என்று ஒன்று இருக்கிறதே என்றார் அவர். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் கண்ட இயற்கை நீதி வேறு. எதிர்த் தரப்பை ஒரு வார்த்தை கேட்காமல் பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரு ஜன்னல் தண்டித்திருக்கிறது. அவர்களைக் கேட்க வேண்டாமா? ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போகட்டும். மெத்தைக்காரனுக்குப் போகட்டும், வேவுக்காரனுக்குப் போகட்டும். நோய் பரப்புகிறவர்களுக்குமா என்று ரீஸ்டார்ட் ஈனக்குரலில் கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று உரக்கச் சொல்பவர் உரக்கச் சொன்னார்.

புதன் காலை பத்து மணிக்கு நோட்டீஸ்கள் மின்னஞ்சலில் பறந்தன: “தாங்கள் தடுக்கப்பட்டதால் தங்களுக்கு நேர்ந்த மனவேதனையை ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்.” பத்து நான்குக்கு ஒரு பதில் வந்துவிட்டது. கணினிக்கு நோய் பரப்பும் ஓர் ஆசாமியிடமிருந்து. மிகுந்த மரியாதையுடன் எழுதியிருந்தார். எங்கள் தரப்பு விளக்கம் சற்று நீளமானது, படிக்க இங்கே அழுத்தவும் என்று நீல நிறத்தில் ஒரு வரி.

“நாலு நிமிஷம்” என்று கண்காணிப்பாளர் நெகிழ்ந்தார். “இந்த ஆஸ்பத்திரியில எந்தக் கடுதாசிக்காவது நாலு நிமிஷத்துல பதில் வந்திருக்கா? இவங்களைப் போயி நோய்ங்கிறாங்க.”

அந்த நெகிழ்ச்சியில் ஒரு சுற்றறிக்கையே பிறந்தது. ஒன்பது ஜன்னலும், எல்லா அலுவலகங்களும், டயாலிசிஸ் பிரிவும் அந்த நீல வரியை அழுத்தி, விளக்கத்தை வாசித்து, வாசித்ததாக ஒப்புதல் தர வேண்டும். எல்லாரும் அழுத்தினார்கள். பதினொன்றரைக்குள் ஆஸ்பத்திரியின் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. கண்காணிப்பாளரின் சுவர்த் திரையில் பச்சைக் கம்பங்கள் போய், “உங்கள் கோப்புகள் அனைத்தும் எங்களிடம் பத்திரமாக உள்ளன” என்று எழுத்து வந்தது. பத்திரமாக இருக்கும்வரை நல்லதுதான் என்றார் முதல் உறுப்பினர்.

ஜன்னலம்மாவும் அழுத்தினாள். உத்தரவு உத்தரவுதானே. அவளுடைய கணினி சட்டைப் பைச் சீட்டைப் பார்த்தது. அந்த ஆசாமியின் பெயருக்கு நேரே நான்கு பூஜ்யம். பக்கம் திறக்கவில்லை. ஒப்புதல் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘வாசிக்கவில்லை’ என்று விழுந்தது.

நண்பகலில் எட்டு ஜன்னலின் வரிசையும் ஒடிந்துவந்து மூன்றில் சேர்ந்தது. பதிவுப் பக்கம் கம்பெனியின் கணினியில் இருந்ததால் அது மட்டும் பிழைத்திருந்தது. அதற்குள் போகக்கூடிய ஒரே வழி மூன்றாம் ஜன்னலாக இருந்தது. அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் பதிந்தாள். வரிசையில் தச்சர் வந்தார். வியாழன், காலை ஒன்பது, இரண்டாம் மெஷின். உறுதி. அச்சடித்த சீட்டை நீட்டியபோது அவர் வாங்காமல் அதையே பார்த்தார்.

“இது நிஜமாம்மா?”

“நிஜம்தாங்க. ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்துடுங்க.”

சாயங்காலம் குழு மறுபடி அழைத்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பும் அளவுக்கு அவள் சின்னப் பெண் இல்லை. ஆனாலும் கண்காணிப்பாளர் கேட்ட கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை.

“எல்லாருக்கும் வந்த நோய் உங்க ஒருத்தருக்கு மட்டும் வரலைன்னா, நோயைக் கொண்டுவந்தது யாரும்மா?”

வியாழன் காலை எட்டரைக்கு ரீஸ்டார்ட் உத்தரவுத் தாளோடு வந்து நின்றார். கோப்பு போன்றதை நீக்க வேண்டும், நீக்கிய பிறகு நிலுவையில் உள்ள ஒப்புதலை இந்த ஜன்னலும் தர வேண்டும். அவள் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். அவர் பட்டியலைத் திறந்து, பழைய சிநேகிதர்களைப் பார்ப்பது போல மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்.

“நல்ல பட்டியல்மா” என்றார் தணிந்த குரலில். “என் மெஷின்லயும் ரெண்டு வருஷமா இதைத்தான் போட்டிருந்தேன். நேத்து சர்க்குலர் வந்ததும் எடுத்துட்டு அழுத்தினேன்.”

“எடுத்துட்டா? தெரிஞ்சேவா சார்?”

“ஒப்புதல் கேட்டாங்களேம்மா.”

பதினோராயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வரியும், வேலிக் குறி போட்ட வரியும் ஒரே தட்டில் போயின. நீல வரியை அழுத்தினார். மூன்றாம் ஜன்னலும் கறுத்தது. ஆஸ்பத்திரி முழுவதும் இப்போது ஒரே சீராக இருந்தது. அவர் பழக்கதோஷத்தில் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார்.

ஒன்பது அடிக்கும்போது ஜன்னலம்மா டயாலிசிஸ் பிரிவுக்குள் நுழைந்தாள். ஆறு மெஷினும் காலியாக இருந்தன. இரண்டாம் மெஷினில் டெக்னீஷியன் குழாய்களைக் கழுவி மாட்டி, கையுறை போட்டுத் தயாராக நின்றார். எதிர்ச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தச்சர் வீட்டம்மா. திங்களுக்குப் பிறகு சேர்ந்த நீரில் கணுக்கால் மறுபடி உருண்டிருந்தது; நடந்து வந்த களைப்பில், பேச வாயெடுத்தால் பாதி வார்த்தைக்கு மூச்சு வாங்கியது. தச்சர் சீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நிலைமையைப் பார்வையிட வந்த கண்காணிப்பாளரும் இரு உறுப்பினர்களும் நாற்காலிக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றார்கள்.

சீட்டைத் திரையில் சரிபார்க்காமல் யாரையும் படுக்கவைக்கக் கூடாது என்பது விதி. திரை கறுப்பாக இருக்கிறது. திரை திரும்பும்வரை காத்திருக்கலாம் என்று முதல் உறுப்பினர் சொல்ல, காத்திருக்கலாம் என்று மற்றவர் உரக்கச் சொன்னார். நான் கழுவி வெச்ச மெஷின் சார், என் பொறுப்புல போடறேன் என்று டெக்னீஷியன் முணுமுணுத்தார். பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மூவரும் அவர் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டார்.

கண்காணிப்பாளர் தச்சர் பக்கம் குனிந்து இதமாகச் சொன்னார்: “இது வெறும் காகிதம்ப்பா. காகிதம் யார் வேணா அடிக்கலாம். எனக்கும் மனசு இருக்கு. ஆனா அந்த ஜன்னலுக்கு யாருமே வரலைன்னு போன திங்கக்கிழமையே நான் கையெழுத்துப் போட்டாச்சு. வராத ஒருத்தருக்கு நான் எப்படி வைத்தியம் பாக்க முடியும், சொல்லு.”

 தச்சர் மனைவியின் செருப்பைக் குனிந்து கழற்றிவிட்டார், கொஞ்சமாவது இறுக்கம் குறையட்டும் என்று.

பதினெட்டு வருடம் ஒரு துவாரத்தின் வழியாகவே பேசிப் பழகியவள் ஜன்னலம்மா. இடையில் கண்ணாடி இல்லாமல் ஒரு மேலதிகாரிக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் நின்றதில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவின் மூடியில் பல் பட்ட தடம்கூடத் தெரிந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

“மெஷின் தயாரா நிக்குது சார். அந்தம்மா இதோ உட்கார்ந்திருக்காங்க. மிஞ்சிப்போனா ஆறடி இருக்கும். இந்த ஆறடிக்கு நடுவுல இப்ப நிக்கிறது யாரு?”